ஈற்றெழுத்தும் இசைப்பண்டமும்: யப்பானியக் கரோக்கித் தொடர்விளையாட்டுப் பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

1. பிரச்சினை

பாடலொன்றைத் திறனாய்பவர் அதன் பொருளையும் யாப்பையும் ஆராய்வர். சற்று முன்னேறியவர் அது தோன்றிய சமுதாயச் சூழலை ஆராய்வர். ஆக்கப்பட்ட பாடல் மக்கள் கைக்கு வந்து சேர்ந்தபின் அவர்கள் அதனைக் கொண்டு என்ன செய்கின்றனர் என்னும் வினா எமது திறனாய்வு மரபிலே அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. 'நுகர்வு' என்னும் ஒரு சொல்லால் அவ்வினாவை மூடிவிடும் வழக்கம் முற்போக்காளரிடையேயும் உண்டு. எனினும், உற்பத்தியும் நுகர்வும் ஒன்றையொன்று நிருணயிப்பன என்பதையும், நுகரப்படும்போதே விளைபொருள் முழுமையடைகின்றது என்பதையும் மார்க்சு 1857ஆம் ஆண்டில் எழுதிய முன்னுரைக் குறிப்பிலேயே தெளிவுபடுத்தியுள்ளார். அவ்வழி நின்று நோக்கின், பாடலின் வாழ்க்கையிற் பாதி பாடுவோரிடத்திலேயே உள்ளது எனலாம்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது மிகச் சாதாரணமான ஒரு விளையாட்டு. யப்பானிலே கரோக்கி அறையிற் கூடும் நண்பர்களும் உடன் பணியாற்றுவோரும் சிலவேளைகளில் ஒரு விதியைத் தமக்குள் வகுத்துக்கொள்வர். ஒருவர் பாடிய பாட்டின் தலைப்பு எந்த அசையில் முடிகின்றதோ அந்த அசையிலே தலைப்புத் தொடங்கும் பாட்டையே அடுத்தவர் பாடல் வேண்டும். யப்பானியச் சிறுவர் யாவரும் அறிந்த ஷிரித்தோரி என்னும் சொற்றொடர் விளையாட்டின் இசை வடிவமே இது. ஷிரித்தோரி என்பதற்கு வாலைப் பற்றுதல் என்று பொருள் கூறலாம். பாட்டைத் தெரிவு செய்வது பாடுபவரின் விருப்பமன்று. முன்னவர் விட்டுச்சென்ற ஓரெழுத்து.

இவ்விளையாட்டில் எமக்கு அக்கறை ஏற்படுவதற்குக் காரணம் உண்டு. விற்பனைக்கென ஆக்கப்பட்ட பாடல்களை, விற்பனையோடு எவ்விதத் தொடர்புமற்ற ஓர் ஒழுங்கிலே மக்கள் அடுக்குகின்றனர். இச்செயலில் மக்களுக்குரிய படைப்பாற்றல் ஏதேனும் எஞ்சியுள்ளதா? அன்றி, முதலாளித்துவம் அவர்களுக்கு விட்டுவைத்த பொழுதுபோக்கு மாத்திரமா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு விளையாட்டின் மொழி அடிப்படையையும், மரபையும், பொருளாதார அடிப்படையையும் ஒன்றன்பின் ஒன்றாக நோக்குதல் தகும்.

2. எழுத்தும் அதன் சட்டமும்

யப்பானிய ஒலியெழுத்துக்கள் ஏறத்தாழ அனைத்தும் உயிரீறு கொண்டவை. இன்றைய அடிப்படை எழுத்துக்கள் 46இல் ஒன்று மாத்திரமே மெய்; அது 'ன்' என்னும் மூக்கொலி. ஆகவே எச்சொல்லின் ஈற்றையும் அப்படியே எடுத்து அடுத்த சொல்லின் முதலாக்குதல் எளிது. இவ்விளையாட்டு யப்பானிலே வேரூன்றியமைக்கு எழுத்தமைப்பின் இவ்வியல்பே பொருள்வகை அடிப்படையாகும். 'ன்' என்னும் எழுத்து யப்பானியச் சொற்களுக்கு முதலாவதில்லை. எனவே அவ்வெழுத்தில் முடியும் சொல்லைக் கூறுபவர் தோற்றவராவர். மொழியிலக்கணத்தின் ஒரு விதியே விளையாட்டின் முடிவை நிருணயிக்கும் சட்டமாகியுள்ளது.

இதனைப் பாடல்களுக்குப் பொருத்தும்போது சுவையான விளைவுகள் ஏற்படுகின்றன. யொனெசு கென்ஷி 2018இல் வெளியிட்டுப் பெரும் புகழ் ஈட்டிய 'ரெமொன்' (எலுமிச்சை) என்னும் பாட்டு 'ன்' என்று முடிகின்றது. சந்தையிலே வெற்றி பெற்ற பாட்டு விளையாட்டிலே தோல்விப் பாட்டாகின்றது. பாடுபவர் எத்துணை நன்றாகப் பாடினும் பயனில்லை. சந்தையின் மதிப்பும் விளையாட்டின் மதிப்பும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இவ்விடத்தில் இன்னோர் எழுத்தைச் சிறப்பாகக் குறிப்பிடுதல் வேண்டும். அது 'ரு' ஆகும். யப்பானிய வினைச்சொற்களுட் பெருந்தொகையானவை அகராதி வடிவில் 'ரு' என முடிவன. ஆனால் தொன்மையான யப்பானியச் சொற்கள் ரகர வரிசையில் தொடங்குவதில்லை. அவ்வரிசையில் இன்று தொடங்கும் சொற்கள் மிகப் பெரும்பாலும் சீனத்திலிருந்தோ, பிற்காலத்தில் ஐரோப்பிய மொழிகளிலிருந்தோ வந்து சேர்ந்தவை. அவற்றுள்ளும் 'ரு' வில் தொடங்குவன குறைவு. ஆகவே எதிராளிக்கு மீண்டும் மீண்டும் 'ரு' வைக் கொடுத்து அவரைத் திணறச் செய்வது இவ்விளையாட்டில் தேர்ந்தோர் கையாளும் உத்தியாகும்.

'ரு' வந்து சேர்ந்த பாடகருக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் அந்நியச் சொல்லே. தெராவோ அக்கிரா 1981இல் பாடிய 'ருபீ நொ யுபிவ' (மாணிக்க மோதிரம்) அவருக்கு உதவும். அதன் முதற்சொல் ஐரோப்பிய மொழிவழி வந்தது. அராயி யுமி 1975இல் வெளியிட்ட 'ரூஜு நொ தெங்கொன்' (உதட்டுச்சாயத்தால் எழுதிய செய்தி) என்பதும் அவ்வெழுத்திலேயே தொடங்குகின்றது. முதற்சொல் பிரெஞ்சு, இறுதிச்சொல் சீனவழிச் சொல். ஆனால் அது 'ன்' என முடிவதால், அவசரத்தில் அதனைப் பற்றியவர் அக்கணமே தோற்றுவிடுவார். யப்பானிய மொழி தன் சொந்த வினைச்சொல்லால் முடிக்கும் இடத்தில், பிற நாட்டிலிருந்து வந்த சொல்லே தொடங்க வேண்டியுள்ளது. மொழியினுட் படிந்துள்ள வரலாற்று அடுக்குகள் விளையாடுவோரின் நாவிலே வெளிப்படுகின்றன. சீனப் பண்பாட்டுத் தொடர்பும், மெயிஜிக் காலத்தின் பின்னான மேலைமயமாக்கமும், 1945இன் பின் வந்த அமெரிக்க நுகர்வுப் பண்பாடும் ஓரெழுத்தின் பக்கத்தைப் புரட்டும்போது தெரியவருகின்றன.

தமிழ் மாணவருக்கு இச்செய்தி புதுமையானதன்று. ரகரமும் லகரமும் மொழிக்கு முதலாகா என்பது தொல்காப்பியம் மொழிமரபிலே காணப்படும் விதி. இரத்தினம், உலோகம் என முன்னே உயிர் சேர்த்து எழுதும் வழக்கம் அதன் வழிப்பட்டது. நாம் உருசியா என்று எழுதும் நாட்டை எதோக் காலத்து யப்பானியரும் உயிர் சேர்த்து 'ஓரோஷியா' என்றே வழங்கினர். இவ்வொற்றுமையின் பொருளை ஐந்தாம் பகுதியில் ஆராய்வோம்.

3. மரபு

முதலெழுத்தைக் கொண்டு பாட்டைத் தெரிதல் யப்பானில் கரோக்கியோடு தோன்றியதன்று. முன்னைய செய்யுளின் ஈற்றெழுத்தை அடுத்த செய்யுளின் முதலாக்கும் 'மொஜிகுசரி' (எழுத்துச் சங்கிலி) இடைக்காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. கெஞ்சி கதையின் அதிகாரப் பெயர்களை இவ்வாறு கோத்த செய்யுளும் உண்டு. எம்மிடையே அந்தாதி எழுத்தாலும் அசையாலும் சீராலும் அடியாலும் தொடுக்கப்பட்டமையையும், காரைக்காலம்மையாரின் அற்புதத் திருவந்தாதி தொட்டு அவ்வடிவம் பக்தி இலக்கியத்தில் நினைவுக்குத் துணையாக நின்றமையையும் இங்கு ஒப்புநோக்கலாம். ஓலையும் ஏடும் அரிதாயிருந்த சமுதாயத்தில் ஈறே அடுத்த செய்யுளை நினைவுறுத்தும் கருவியாயிற்று.

முதலசையால் தெரிதல் என்பதற்கு இன்னும் நேரடியான முன்னோடி, நூறு புலவரின் நூறு செய்யுள்களைக் கொண்ட 'ஒகுரா ஹியகுனின் இஷ்ஷு' என்னும் தொகுப்பைக் கொண்டு ஆடும் சீட்டாட்டமாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஃபுஜிவாரா நொ தெய்கா தொகுத்ததாகக் கொள்ளப்படும் இந்நூலின் செய்யுள்களை ஒருவர் உரக்க வாசிப்பார். ஆடுவோர் அச்செய்யுளின் பிற்பகுதி எழுதப்பட்ட சீட்டை முந்திப் பறிப்பர். சீட்டைக் குறிக்கும் 'கருத்தா' என்னும் சொல்லே பதினாறாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயரிடமிருந்து பெறப்பட்டதாகும். செய்யுளை இன்னதென உறுதிசெய்யப் போதுமான தொடக்க அசைகளைக் 'கிமரிஜி' (தீர்மானிக்கும் எழுத்து) என்பர். மு, சு, மெ, ஃபு, ச, ஹொ, செ ஆகிய ஏழு அசைகள் ஒவ்வொன்றிலும் ஒரேயொரு செய்யுளே தொடங்குவதால், முதலசை காதில் விழுந்ததும் கை பாய்ந்துவிடும். அகரத்திலோ 16 செய்யுள்கள் தொடங்குகின்றன. அங்கே காத்திருத்தல் வேண்டும்.

இவ்வாட்டத்தின் சமூக வரலாறு கவனத்துக்குரியது. அரசவைப் பிரபுக்களின் செய்யுள்கள் எதோக் காலத்து மர அச்சுப் பதிப்புகளின் வழியாக நகர வணிகர், கைவினைஞர் ஆகியோரது வீடுகளைச் சென்றடைந்து, புத்தாண்டு விளையாட்டாயின. 1904ஆம் ஆண்டில் பத்திரிகையாளர் குரோயிவா ருயிக்கோ தோக்கியோவில் ஒரு சீரான விதிகளோடு போட்டியை நடத்தினார். அதன்பின் ஆட்டம் தேசிய அளவிலான போட்டியாக வளர்ந்தது. பிரபுக்களின் கவிதை மக்களின் உடைமையானது, பொருளறிந்து துய்த்ததால் மாத்திரமன்று, அசையறிந்து ஆடியதாலுமாகும். செய்யுளின் பொருளை முழுதும் உணராத சிறுமியும் அதன் முதலசையை உடலால் அறிந்திருந்தாள். இவ்வறிவை இலக்கிய வரலாற்றாசிரியர் கணக்கிலெடுப்பதில்லை.

கூட்டுப் படைப்பு என்ற வகையில் 'ரெங்கா' என்னும் தொடர்செய்யுளையும் குறிப்பிடல் வேண்டும். ஒருவர் பாடிய பகுதிக்கு அடுத்தவர் பொருளால் இயைந்த பகுதியைச் சேர்த்துச் செல்வது அதன் முறை. சோகி முதலிய மூவர் 1488இல் மினாசேயிற் கூடியியற்றிய நூறு கண்ணிகள் இதன் உச்சமெனக் கருதப்படுகின்றன. ஒவ்வொரு கண்ணியும் தனக்கு உடனே முன்னுள்ளதோடு மாத்திரம் இயைதல் வேண்டும். அதற்கும் முன்னதிலிருந்து விலகிச் செல்லல் வேண்டும் என்பது அதன் அடிப்படை நெறி. ஆகவே முழுமைக்கு ஒரு தனி ஆசிரியன் இல்லை. ஒரு தனிக் கருப்பொருளும் இல்லை. 1893இல் மசவோக்கா ஷிக்கி, தொடக்கக் கண்ணியான ஹொக்குவே இலக்கியம், தொடர்செய்யுள் இலக்கியமன்று எனத் தீர்ப்பளித்தார். தனிமனித உணர்ச்சியின் வெளிப்பாடே கலை என்னும் பூர்சுவாக் கோட்பாடு யப்பானில் நிலைபெற்ற காலம் அது. கூட்டாகச் செய்வது விளையாட்டு, தனியாகச் செய்வது இலக்கியம் என்னும் பிரிவினை அங்கே சட்டமாயிற்று. ஹைக்கூவைத் தனிக்கவிதையாக மாத்திரம் அறிந்து போற்றும் எம்மவர், அது ஒரு கூட்டு உழைப்பிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட துண்டு என்பதை நினைவிற் கொள்ளல் நன்று.

4. இயந்திரம், உழைப்பு, உடைமை

கரோக்கி என்னும் சொல் வெறுமை எனப் பொருள்படும் 'கர' என்பதும் இசைக்குழுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கமும் சேர்ந்து உருவானது. வெற்று இசைக்குழு என்னும் அப்பெயரே அதன் பொருளாதாரத்தைக் கூறிவிடுகின்றது. 1967இல் நெகிஷி ஷிகெயிச்சி இத்தகைய கருவியொன்றைச் செய்தார். 1971இல் கோபே நகரில் இனோவே தாயிசுக்கே என்பவர் '8 ஜூக்' என்னும் கருவியை மதுச்சாலைகளுக்கு வாடகைக்கு விட்டார். இனோவே தாமே மதுச்சாலைகளில் வாடிக்கையாளரின் பாட்டுக்கு இசை வழங்கிய கலைஞர். வர இயலாத ஓரிடத்துக்குத் தம் வாசிப்பைப் பதிவு செய்து அனுப்பியமையே கருவியின் கருவாகும். உயிருள்ள உழைப்பு இறந்த உழைப்பாக நாடாவில் உறைந்து, 100 யென் நாணயத்துக்கு ஒலிக்கலாயிற்று. மதுச்சாலைதோறும் சென்று வாசித்துப் பிழைத்த இசைஞரின் தொழில் அதன்பின் தேய்ந்தது. இனோவே தம் கருவிக்குக் காப்புரிமை பெறவில்லை. அதன் பயனைப் பெரு நிறுவனங்களே அறுவடை செய்தன.

கரோக்கியின் முன்வரலாற்றில் மறக்கப்படும் ஒரு பகுதி உண்டு. செக்கி அக்கிக்கோ 1948இல் தொடக்கிய 'உத்தகோயே' (பாடும் குரல்) இயக்கம், தொழிற்சங்கங்களிலும் ஆலைகளிலும் பாடகர் குழுக்களை அமைத்து, போருக்குப் பிற்பட்ட யப்பானிய இடதுசாரிப் பண்பாட்டின் பெருஞ்சக்தியாய் விளங்கியது. அதன் செல்வாக்கிற் பெருகிய 'பாடும் தேநீர்ச்சாலை'களிலே முன்பின் அறியாதோர் ஒரே பாட்டுப் புத்தகத்தைக் கையிலேந்தி ஒருமித்துப் பாடினர். 1960இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு எதிரான பெரும் போராட்டம் தோல்வியுற்றது. உயர்வளர்ச்சிக் காலத்தின் ஊதிய உயர்வும் தொலைக்காட்சியும் மக்களைத் தனித்தனி வீடுகளுக்குள் அழைத்தன. தேநீர்ச்சாலைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஒருமித்துப் பாடுதல் போய், ஒருவர் பாட ஏனையோர் முறைக்குக் காத்திருக்கும் கரோக்கி வந்தது. 1985இல் ஒக்கயாமாப் பகுதியிற் சரக்குப் பெட்டகமொன்றை அறையாக்கியதிலிருந்து கரோக்கி அறைகள் பரவின. 1992இலிருந்து தொலைபேசித் தடத்தின் வழியே பாட்டுகள் அனுப்பப்பட்டன. அண்மைக் காலத்தில் தனியாகச் சென்று தனியாகப் பாடும் வழக்கமும் அதற்கெனத் தனியறைகளும் தோன்றியுள்ளன. ஆலை முற்றத்திலிருந்து பெட்டகத்துக்கும், பெட்டகத்திலிருந்து தனியறைக்கும் பாட்டுச் சுருங்கி வந்த இவ்வரலாறு, அந்நியமாதலின் வரலாறாகவும் வாசிக்கத்தக்கது.

உடைமை பற்றிய பிரச்சினை 1988ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தை எட்டியது. மதுச்சாலையில் வாடிக்கையாளர் பாடும்போது அப்பாட்டை நிகழ்த்துபவர் யார் என்பதே வழக்கின் சாரம். வாடிக்கையாளர் பாடினும், நிறுவனத்தின் ஆளுகைக்குள்ளும் அதன் இலாபத்துக்காகவும் பாடப்படுவதால், பதிப்புரிமைச் சட்டத்தின் கண்ணில் நிகழ்த்துபவர் சாலையின் உரிமையாளரே என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'கரோக்கிக் கோட்பாடு' என இது பிற்காலத்தில் வழங்கலாயிற்று. பாடலாசிரியருக்கு உரிய ஊதியம் கிடைத்தல் நியாயமே; அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் தீர்ப்பின் தருக்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. தொண்டை மக்களுடையது, பாட்டுச் சட்டப்படி முதலாளியினுடையது. பாடுபவர் காசும் கொடுத்து, குரலும் கொடுத்து, நிகழ்த்துநர் என்னும் பெயரையும் இழக்கின்றார்.

கரோக்கிச் சாலைகளில் நெடுங்காலம் இருந்த தடித்த பாட்டுப் புத்தகங்கள் ஐம்பதொலி வரிசையில் அமைந்திருந்தன. இவ்வரிசை ஈண்டு விளக்கத்துக்குரியது. அ, இ, உ, எ, ஒ என உயிர்களும், க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என மெய்வரிசைகளும் அதில் அமைகின்றன. ஹகர வரிசை முற்காலத்திற் பகரமாய் ஒலித்தது. தமிழ் நெடுங்கணக்கை அறிந்த எவருக்கும் இவ்வொழுங்கு வியப்பளிக்கும். பௌத்த துறவியர் சமற்கிருத ஒலியியலைக் கற்றதன் விளைவாக இவ்வரிசை யப்பானில் உருவாயிற்று. பொதுமக்கள் நெடுங்காலம் கையாண்டது 'இரோஹா' என்னும் செய்யுள் வரிசையாகும். ஒவ்வோர் எழுத்தும் ஒருமுறை மாத்திரம் வரும்படி யாக்கப்பட்ட அச்செய்யுளே அவர்களின் அரிச்சுவடி. ஓத்சுக்கி ஃபுமிஹிக்கோ 1889 முதல் 1891 வரை வெளியிட்ட 'கென்கை' அகராதி ஐம்பதொலி வரிசையைக் கைக்கொண்டது. அதைக் கண்ட ஃபுக்குசாவா யுகிச்சி, அரங்குகளிற் செருப்புக்குக் கொடுக்கும் அடையாளச் சீட்டுகள் இரோஹா வரிசையிலன்றோ உள்ளன என முகஞ்சுளித்ததாகச் செய்தியொன்றுண்டு. நவீன அரசும் பள்ளியும் தந்த ஒழுங்கே பிற்காலத்திற் பாட்டுப் பண்டத்தின் விலைப்பட்டியல் ஒழுங்காயிற்று. ஷிரித்தோரி ஆடுவோர் அவ்வொழுங்கையே தமக்கு வாய்ப்பாக்கிக் கொண்டனர். 'ரு' பக்கத்தைத் திறந்தால் அங்குள்ள சில வரிகளே அவர்களின் உலகம். இன்றைய தொடுதிரைக் கருவியிலும் தலைப்பின் முதலெழுத்தால் தேடும் வசதி உண்டு.

5. இரு தவறான விளக்கங்கள்

இவ்விளையாட்டைப் பற்றி இருவகை விளக்கங்கள் எழலாம். முதலாவது, அடோர்ணோ 1941இல் வெகுசன இசை பற்றி எழுதிய கட்டுரையின் வழியில் எழுவது. தரப்படுத்தப்பட்ட பாட்டுக்குப் போலித் தனித்துவம் பூசி விற்பதே பண்பாட்டுக் கைத்தொழில் என்னும் அவரது கூற்றில் பெரும் உண்மை உண்டு. கரோக்கிக் கருவி பாடுபவரின் சுருதியை அளந்து புள்ளியிடும்போது, மூலப் பதிவை எவ்வளவு நெருங்கினார் என்பதே அளவுகோலாகின்றது. ஆனால் தொடர்விளையாட்டில் அப்புள்ளிக்கு இடமில்லை. எழுத்துக்கு ஏற்ற பாட்டு உடனடியாக நினைவுக்கு வருகின்றதா என்பதே கேள்வி. தொண்ணூறு புள்ளி பெறும் இளைஞன் 'ரு' வுக்குப் பாட்டுக் கிடைக்காது தவிக்க, சுருதி சேராத மூத்த எழுதுவினைஞர் நாற்பது ஆண்டுப் பழைய பாட்டொன்றால் ஆட்டத்தைக் காக்கலாம். வெற்றிப் பட்டியல் இவ்வாரப் பாட்டை விற்கும். விளையாட்டுப் பழம்பாட்டைக் கேட்டு வாங்கும். அடோர்ணோவின் நோக்கு பண்டத்தை நன்கு விளக்குகின்றது. பண்டத்தைக் கையாளும் மனிதரை விளக்கவில்லை.

இரண்டாவது, இன உளவியல் விளக்கம். குழு இணக்கம் யப்பானியரின் இரத்தத்தில் ஊறியது, ஆகவே அவர்கள் முறை வைத்துப் பாடுகின்றனர் என்பர். யப்பானியத் தனித்துவம் பேசும் நூல்கள் 1970களில் இக்கருத்தைப் பெரிதும் பரப்பின. வேலைநிறுத்தங்களும் உழவர் கிளர்ச்சிகளும் நிறைந்த ஒரு நாட்டின் வரலாற்றை மறைப்பதற்கு இணக்கம் என்னும் சொல் நன்கு பயன்படும். 'யப்பானியக் கருத்தியல்' பற்றி 1935இலேயே நூலெழுதி இத்தகைய மயக்கங்களைத் தோலுரித்த தோசாக்கா ஜுன், 1945 ஓகத்து 9ஆம் திகதி நகானோச் சிறையில் மாண்டார் என்பதை இங்கு நினைவுகூர்தல் பொருத்தமானது.

எம்மவரிடையே இதன் இன்னொரு வடிவம் தோன்றக்கூடும். ரகரம் மொழிமுதலாகாமை, எழுத்து வரிசையின் ஒற்றுமை, அந்தாதிக்கும் எழுத்துச் சங்கிலிக்கும் உள்ள ஒப்புமை ஆகியவற்றைக் கண்டு, தமிழும் யப்பானியமும் ஒருதாய் மக்கள் என முடிவு கட்டுவோர் உளர். பேராசிரியர் ஓனோ சுசுமு தமிழுக்கும் யப்பானியத்துக்கும் உறவு உண்டென்னும் கருதுகோளை முன்வைத்து நெடுங்காலம் உழைத்தார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு ஒத்துழைத்தனர். இரு இலக்கிய மரபுகளை அருகருகே வைத்து நோக்கச் செய்த அவ்வுழைப்பு மதிப்புக்குரியது. எனினும் ஒப்பியல் மொழியியலாளரிற் பெரும்பாலோர் அக்கருதுகோளை ஏற்கவில்லை. ரகரம் முதலாகாமை கொரிய, மொங்கோலிய, துருக்கிய மொழிகளின் பழஞ்சொற்களிலும் உள்ள இயல்பு. உருசியரை மொங்கோலியர் 'ஓரோஸ்' என்பர். அங்கேரியரும் ஏறத்தாழ அவ்வாறே உயிர் சேர்த்து அழைப்பர். எனவே இது இரு மொழிகளுக்கு மாத்திரம் உரிய உறவுச் சான்றாகாது. எழுத்து வரிசையின் ஒற்றுமையோ பௌத்தம் கொண்டுசென்ற இந்திய ஒலியியலின் கொடை. குருதி உறவன்று, கல்வித் தொடர்பு. பெருமிதத்துக்கு இடமளிப்பதைவிட வரலாற்றுத் தொடர்பைச் சரியாக அறிவது எமக்குப் பெரும்பயன் தரும்.

6. ஒரு தொடரை வாசித்தல்

இனி, விளையாட்டில் நிகழக்கூடிய ஒரு தொடரை எடுத்து நோக்குவோம். இசவா ஹச்சிரோ 1964இற் பாடிய 'ஆ உவெனோ எக்கி' (ஆ, உவெனோ நிலையமே) 'கி' என முடிகின்றது. அதனைப் பற்றி, சென் மசாவோ 1977இற் பாடிய 'கித்தகுனி நொ ஹரு' (வடநாட்டு வசந்தம்) வரலாம். அது 'ரு' என முடிகின்றது. அடுத்து முன்னர்க் குறித்த 'ருபீ நொ யுபிவ' 1981. அதன் ஈறு 'வ'. அதற்கு மொரித்தக்கா சிசாத்தோ தாமே எழுதி 1992இற் பாடிய 'வத்தஷி க ஒபசான் நி நத்தெ மொ' (நான் நடுவயதுக்காரி ஆனாலும்) பொருந்தும்.

நான்கு பாட்டுகளையும் இணைத்தது எழுத்தின் தற்செயல். ஆயின் இணைந்தபின் தோன்றுவது தற்செயலானதன்று. உவெனோ, வடகிழக்குக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்த சிறுவர் சிறப்புப் புகைவண்டிகளில் கூட்டங்கூட்டமாக வந்திறங்கிய நிலையம். உயர்வளர்ச்சி யப்பானின் ஆலைகளும் கடைகளும் அச்சிறுவரின் மலிவான உழைப்பை உண்டு வளர்ந்தன. 1964இன் பாட்டு அவர்களுடையது. 1977இன் பாட்டு, நகரத்தில் வேரூன்றிவிட்டவன் ஊரை நினைக்கும் பாட்டு. ஊருக்குத் திரும்பும் எண்ணம் ஏக்கமாக மாத்திரம் எஞ்சிவிட்டது. 1981இல் ஊர் முற்றாக மறைகின்றது. பிரிவுத்துயர் ஓர் அணிகலனைச் சுற்றிச் சுழல்கின்றது. 1992இன் பாட்டிலே இளமையே பண்டமாகிவிட்ட சமுதாயத்தில் ஒரு பெண், தன் இளமை தீர்ந்தபின் தன் மதிப்பு என்னவாகும் என வினவுகின்றாள். உழைப்புப் படையின் நிலையத்திலிருந்து நுகர்வுச் சமுதாயத்தின் அச்சம் வரை, இருபத்தெட்டு ஆண்டுகால வரலாறு நான்கு தலைப்புகளில் அடங்குகின்றது.

எல்லாத் தொடர்களும் இவ்வாறு அமையும் என்று நாம் கூறவில்லை. இதை நாமே தெரிந்தெடுத்தோம். ஆயின் ஒரு மக்களின் பாட்டுக் களஞ்சியம் அவர்களின் வரலாற்றாலேயே நிரம்பியுள்ளமையால், எவ்விடத்தில் வெட்டினும் வரலாறே வெளிப்படும். விற்பனைப் பட்டியல் பாட்டுகளை வாரவாரம் புதைக்கின்றது. ஓரெழுத்தைத் துணைக்கொண்டு விளையாடுவோர் அவற்றைத் தோண்டி எடுக்கின்றனர். ஒரே மேசையில் மூன்று தலைமுறையினர் இருப்பின், ஒருவர் விட்ட எழுத்தை அறுபது வயதினர் ஒரு பாட்டாலும் இருபது வயதினர் வேறொரு பாட்டாலும் பற்றுவர். ஒருவருக்குத் தெரியாத பாட்டை மற்றவர் அன்று முதன்முறையாகக் கேட்பார்.

பெயரின் வலிமையும் இங்கே புலனாகும். சக்கமோத்தோ கியூ 1961இற் பாடிய 'உவெ ஓ முயித்தெ அருக்கோ' (நிமிர்ந்து பார்த்து நடப்போம்), 1960ஆம் ஆண்டுப் போராட்டத்தின் தோல்வியை மனத்திற்கொண்டு ஏய் ரொக்குசுக்கே எழுதியது எனக் கூறப்படுகின்றது. 1963இல் அது அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை அடைந்தபோது, பாட்டோடு எவ்விதத் தொடர்புமற்ற 'சுக்கியாக்கி' என்னும் இறைச்சிக் கறியின் பெயரே அதற்கு இடப்பட்டிருந்தது. சந்தைக்குப் பெயர் ஒரு பொருட்டன்று. விளையாட்டிலோ அப்பெயரின் முதலும் ஈறும் மாறாதிருத்தல் வேண்டும். எழுத்தில் 'உ' எனத் தொடங்கி 'உ' என முடியும் அப்பாட்டு, தான் பெற்ற எழுத்தையே அடுத்தவருக்குக் கொடுத்துச் செல்வது. அதன் ஈறு எழுத்தின்படி உகரமா, ஒலியின்படி ஓகாரமா எனப் பிணக்கெழுதலும் உண்டு. நெட்டெழுத்தை எவ்வாறு கொள்வது, குறுவடிவ எழுத்தை முழுவடிவமாக்கலாமா, காவை ககரத்தின் வல்லொலியாகவும் மெல்லொலியாகவும் கொள்ளலாமா என்பனவற்றை ஆடுவோர் ஆட்டத்துக்கு முன்னர் தமக்குள் பேசி முடிவு செய்வர். நிறுவனம் வகுக்காத, ஆடுவோரே வகுத்து ஆடுவோரே காக்கும் சட்டம் அது. அவர்கள் பாடும் பாட்டில் உரிமை இல்லாவிடினும், பாட்டுகளை இணைக்கும் விதி அவர்களுடையது.

7. முடிவுரை

இதுவரை நோக்கியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். கரோக்கித் தொடர்விளையாட்டு உற்பத்தி உறவுகளை மாற்றவில்லை. பாட்டுப் பட்டியலில் எது இடம்பெறும் என்பதை நிறுவனமே நிருணயிக்கின்றது. பட்டியலில் இல்லாத தொழிலாளர் பாட்டை எந்த எழுத்தாலும் அழைக்க இயலாது. உத்தகோயே இயக்கத்துக்கு ஈடாக இதனைக் கருதுதல் மிகையாகும். எனினும், தனியறைக்குள் ஒடுக்கப்பட்ட பாட்டை அது மீண்டும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாறும் பொருளாக்குகின்றது. ஷிக்கி இலக்கியத்திலிருந்து வெளியேற்றிய கூட்டுத் தொடுப்பின் பழக்கம் மக்களின் விளையாட்டிலே தங்கி வாழ்கின்றது.

எம் சூழலிலும் இத்தகைய ஆய்வுக்கு இடமுண்டு. இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சி, கொடுக்கப்பட்ட எழுத்துக்குத் திரைப்பாடலை நினைவிலிருந்து எடுக்கும் ஆற்றலை ஒரு தலைமுறையினரிடத்தே வளர்த்தது. அந்தாதியைப் பக்தி இலக்கிய வகையாக மாத்திரம் பயிற்றும் நாம், அதே உத்தி வெகுசன வாழ்விலே தொழிற்படும் முறையை ஆராய்ந்தோமில்லை. எவ்வெழுத்துக்கு எத்தகைய பாட்டுகள் நினைவுக்கு வருகின்றன, அவற்றுள் எத்துணை திரைப்பாடல், எத்துணை நாட்டார் பாடல், எம் நாட்டுக் கவிஞரின் பாடல் எத்துணை என்று தொகுத்து நோக்கின், எமது மக்களின் நினைவுக் களஞ்சியத்தை யார் நிரப்பியுள்ளனர் என்பது தெளிவாகும். அவ்வாய்வை மேற்கொள்வதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. மாணவர் குழுவொன்று போதுமானது. அதனைத் தொடங்குதல் எமது துறையின் உடனடிப் பணிகளுள் ஒன்றாகக் கொள்ளத்தக்கது.